பேட்டரி புல்வெட்டி மெஷின்: ஒரு கை பலம் கம்மி, முட்டி தேய்மானம். எதை எடுக்கலாம்?

வடவள்ளி_வாசல்
வணக்கமுங்க. அப்பாவுக்கு 68. பக்கவாதம் வந்து தேறினவரு, இடது கையில பாதிப் பிடிதான். வலது முட்டி தேய்மானம். பத்து நிமிசம் நடப்பாரு, அப்புறம் உக்காரணும். வாசல்ல 2½ சென்ட் புல்லு. முக்காவாசி கொரியன், ஓரத்துல அருகும் கோரையும் கலந்து கெடக்குது. புல்லுக்கு நடுவால மூணு தென்னை. சாமான் ரூமு ரெண்டு படி மேல. ஆள் வெச்சு வெட்டற பேச்சையே எடுக்க வேண்டாம்னுட்டாரு. பெட்ரோல் மெஷின்ல கயிறு இழுக்க முடியாது, ஒயர் மெஷின்னா கால்ல சிக்கும். அதனால பேட்டரிதான். எத்தனை வோல்ட்டு, எத்தனை அகலம் வாங்கறதுங்க?

பீளமேடு_வைண்டிங்
வோல்ட்டை அக்கட்டால வைங்க தம்பி. மொதல்ல நடையைக் கணக்குப் போடுங்க.

2½ சென்ட்டுன்னா 1089 சதுர அடி, ஏறக்குறைய 101 சதுர மீட்டர். 38 செ.மீ. வெட்டு அகலம் இருக்கிற மெஷின்ல ஒரு வரிசைமேல அடுத்த வரிசை 5 செ.மீ. ஏறணும், இல்லாட்டி நடுவுல மீசை மாதிரி புல்லு நிக்கும். அப்போ கையில கிடைக்கறது 33 செ.மீ. 101-ஐ 0.33-ஆல வகுத்தா 306 மீட்டர் நடை. 33 செ.மீ. மெஷின்னா 28 தான் மிச்சம், 361 மீட்டர். வித்தியாசம் வெறும் 55 மீட்டர். அதுக்காகக் கனமான மெஷினைத் தலையில கட்டிக்க வேண்டியதில்லை.

முட்டி வலி உள்ளவரு நொடிக்கு அரை மீட்டர் நடப்பாருன்னு வெச்சாலும் 361 மீட்டருக்கு 12 நிமிசம். திரும்பற நேரம் சேர்த்தா 17, 18. அவருக்குப் பத்து நிமிசந்தான் நடைன்னு சொல்றீங்க. அதனால இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி.

இப்போ பேட்டரி. 36 வோல்ட் 4 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) = 144 வாட்-அவர். காஞ்ச புல்லுல சின்ன மெஷின் சராசரியா 500 வாட் இழுக்குதுன்னு எடுத்துக்குங்க, 17 நிமிசம் ஓடும். ஈரப்புல்லு, மொன்னைக் கத்தி, வளத்த புல்லுன்னா அதுவே பாதியாயிரும். அவரு முட்டி தாங்கறதே பத்து நிமிசம். அதுக்கு மேல ஓடற பெரிய பேட்டரிக்குக் குடுக்கற காசும் சுமக்கற கனமும் வீண்.

தாராபுரம்_மாப்ள
எதுக்குங்க இத்தனை கணக்கு? ஆன்லைன்ல 48 வோல்ட், 88 வோல்ட்டுன்னு பேட்டரி பிரஷ் கட்டர் (நீளக் குழாய் முனையில கத்தி சுத்தறது) சல்லிசாக் கிடைக்குது. ரெண்டு பேட்டரியும் சேர்த்தே தர்றான். தோள்ல மாட்டி அடிச்சா வேலை முடிஞ்சுது.

பீளமேடு_வைண்டிங்
மாப்ள, அந்த 88 ஸ்டிக்கர்ல மட்டுந்தான் இருக்குது. லித்தியம் செல் ஒண்ணு 3.6 வோல்ட், முழு சார்ஜுல 4.2. அஞ்சு செல் வரிசையா இருந்தா 18 வோல்ட் பேக், முழுசா ஏறினா 21. பத்து செல் வரிசைன்னா 36, முழுசா 42. அதைத்தான் சில கம்பெனி 40 வோல்ட்டுன்னும் போடறது. இது ரெண்டும் நியாயமான கணக்கு. 88-னு போட்ட பேக்கை முழுசா சார்ஜ் பண்ணி மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. 21-க்குப் பக்கமாக் காட்டுச்சுன்னா அது வெறும் 18 வோல்ட் சாமானுங்க.

இன்னொண்ணு: 18 வோல்ட்டுல 500 வாட் எடுக்க 28 ஆம்பியர் வேணும். செல் ரெண்டு ரெண்டா இணையாப் போட்டிருந்தாலும் ஒரு செல்லு தலையில 14 ஆம்பியர். நல்ல செல் தாங்கும். மலிவுப் பேக்குல லேப்டாப்புக்குப் போடற செல்லைச் சொருகியிருப்பான், அது சூடேறிச் சீக்கிரமே வீணாப் போயிரும்.

பிசியோ_ஈரோடு
பிரஷ் கட்டர் இவருக்கு ஆகவே ஆகாது. பேட்டரி மாடலே 3, 4 கிலோ வரும். அந்தக் கனத்தை உடம்புக்கு முன்னாடி நீட்டிப் பிடிச்சு இடுப்பைத் திருப்பித் திருப்பி வீசணும், ரெண்டு கையும் வேணும். பலம் குறைஞ்ச கை தளர்ந்தால் தலைப்பகுதி காலுக்குத்தான் வரும். நாலு சக்கர மெஷின்தான் சரி. கனம் தரையில இருக்கும், தள்ளினால் போதும்.

கடையில போய் அகலம், வோல்ட் எல்லாம் கேட்பதற்கு முன்னாடி அப்பாவைக் கூட்டிட்டுப் போய் இதையெல்லாம் செய்யச் சொல்லுங்க.

முதல்ல பிடி லிவர். கத்தி சுத்துற நேரம் முழுக்க அதை அழுத்தியே பிடிக்கணும். கைப்பிடியின் முழு அகலத்துக்கும் வர்ற கம்பி லிவர்னா வலது கையால எந்த இடத்துல பிடிச்சாலும் வேலை செய்யும். இடது பக்கம் மட்டும் லிவர் உள்ள மாடல் இவருக்கு வேண்டாம். பேட்டரி போடாமலே லிவரை வலது கையால மட்டும் பிடிச்சு மூணு நிமிஷம் நிக்கச் சொல்லிப் பாருங்க. விரல் நடுங்குதா, மணிக்கட்டு வலிக்குதான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

அடுத்தது ஸ்டார்ட். ஒரு பட்டனை அழுத்திக்கிட்டே லிவரை இழுக்கணும். லிவர் பிடிச்ச பிறகு பட்டனை விட்டுடலாம். பட்டன் மேல்பக்கமா, அகலமா இருந்தா இடது உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திடுவார். குழிக்குள்ள சின்னதா இருந்தா விரல் நுனி பலம் வேணும், அது அவரிடம் இல்லை.

கைப்பிடி உயரம்: முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கணும், முதுகு நேரா இருக்கணும். ரெண்டு மூணு உயரம் மாத்தற வசதி இருந்தா நல்லது. வெட்டு உயரம் ஒரே லிவர்ல மாறணும். முன் அச்சு தனி, பின் அச்சு தனின்னு இருந்தா மெஷினைச் சாய்ச்சு, குனிஞ்சு செய்யணும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குக் குனிஞ்சு நிமிரும்போதுதான் தலை சுத்தும்.

ஒரு முக்கியமான விஷயம். இடது கை பாதிப்புன்னா மூளையின் வலது பக்கம் அடி வாங்கியிருக்கு. அந்த மாதிரி சிலருக்கு இடது பக்கம் இருக்கிற பொருள் கண்ணுல பட்டாலும் கவனத்துல ஏறாது. தட்டுல இடது பாதிச் சோறு அப்படியே மிச்சம் இருக்கா, இடது தோள் நிலைக்கதவுல இடிக்குதான்னு பாருங்க. அப்படி இருந்தாலோ, வலிப்பு வந்த வரலாறு இருந்தாலோ, கத்தி மெஷின் பேச்சையே விட்டுடுங்க, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவர்னா ஷூவும் முழுக்கால் பேண்டும் கட்டாயம். சின்னக் கல் தெறிச்சாலும் ரத்தம் நிக்க நேரம் ஆகும்.

தாராபுரம்_மாப்ள
அக்கா சொல்றது புரியுது. ஆனா லிவர் பிடிக்கிறதுதான் கஷ்டம்னா ஒரு கேபிள் டை போட்டுக் கைப்பிடியோட இறுக்கிட்டா தீந்துது. சும்மா தள்ளிட்டே போலாம்.

பீளமேடு_வைண்டிங்
அந்த வேலை மட்டும் வேண்டாமுங்க. கையை விட்டதும் கத்தி நிக்கணும்னுதான் அந்த லிவரே இருக்குது. அமெரிக்க விதிப்படி தள்ளுமெஷின்ல கையை விட்ட 3 நொடிக்குள்ள கத்தி நின்னாகணும். டை கட்டினா, அவரு தடுக்கி விழுந்தாலும் மெஷின் பாட்டுக்குச் சுத்தும். விழுகிறவரு கைப்பிடியைப் பிடிச்சுத் தன் பக்கமா இழுப்பாரு. மெஷின் மேல வந்து ஏறும்.

கைப்பிடி மெலிசா இருக்கறதுதான் பிரச்சனைன்னா பழைய சைக்கிள் ட்யூப்பைக் கைப்பிடிக் குழாய்ல ரெண்டு சுத்து சுத்துங்க. தடிமனானா பிடிக்கச் சுலபம். லிவர் மேல சுத்தாதீங்க, லிவர் தானா எகிறித் திரும்பி வரணும்.

கோபி_பச்சை
எல்லாரும் மெஷினைப் பேசறீங்க, புல்லை யாரும் பேசலீங்களே.

மூணு தென்னை புல்லுக்கு நடுவுல இருக்குதுன்னு சொன்னீங்க. மரத்தைச் சுத்தி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுக்கறது எப்பவும் சொல்ற அளவு, உரமும் தண்ணியும் அங்கதான் எடுக்கும். அந்த வட்டத்துல புல்லே வேண்டாம். ஒரு பாத்தி 10 சதுர மீட்டர், மூணுக்கும் 30. உங்க 101-ல 30 போனா 71 சதுர மீட்டர். 33 செ.மீ. மெஷின்ல 361 மீட்டர் நடந்தது 254 மீட்டராக் குறைஞ்சு போச்சு. எந்தக் கம்பெனி மெஷினும் இந்தக் குறைப்பைத் தராதுங்க.

பாத்தியைச் சும்மா விடாதீங்க, கோரை ஏறிரும். தேங்காய் மட்டையை மேடு மேல பாத்த மாதிரி கவுத்து அடுக்குங்க, ஒரு மரத்துக்கு 100 மட்டை புடிக்கும். ஈரமும் நிக்கும், மரத்தடியில போய் மெஷினை முன்னப் பின்ன ஆட்டற வேலையும் மிச்சம்.

பாத்தி ஓரத்துலயும் மதில் ஓரத்துலயும் செங்கல்லைப் படுக்க வெச்சு, புல்லு மண்ணு மட்டத்துக்குச் சமமா ஒரு பட்டை போடுங்க. கல்லோட நீளம் 9 அங்குலம், அதுவே அகலமா இருக்கட்டும். மெஷினோட ஒரு பக்கச் சக்கரம் கல்லு மேல ஓடும், கத்தி கடைசிப் புல்லு வரைக்கும் வெட்டும். ஓரம் வெட்ட நைலான் நரம்பு மெஷின் தனியா வேண்டியதில்லை. கல்லு ஒரு அங்குலம் தூக்கி நின்னாலும் கத்தி மோதும், அதனால ரசமட்டம் வெச்சுப் பாருங்க.

கொரியன் புல்லு குண்டு குண்டா மேடு கட்டும். நாள் கழிச்சு வெட்டினா மேட்டோட தலை சீவுப்பட்டுப் பழுப்பாத் தெரியும். புல்லு சாகலை, பச்சை இலைக்குக் கீழ இருக்கிற காஞ்ச தண்டு வெளிய வருது. அவ்வளவுதான். 25, 30 மில்லிமீட்டர் உயரம் வைங்க. இப்போ அரைச் சாண் வளந்து கெடந்தா ஒரே நாள்ல இறக்காதீங்க. ஒரு வெட்டுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாது: 10 செ.மீ.-ல இருந்து 7, நாலஞ்சு நாள் விட்டு 5, அப்புறம் 3½. ஒரேயடியா இறக்கினா புல்லும் வாடும், மோட்டாரும் பாரம் தாங்காம நிக்கும். மனுசனும் அன்னைக்கே வெறுத்துருவாரு.

ஐப்பசி, கார்த்திகையில வாரம் ஒரு வெட்டு வேணும். மாசி, பங்குனியில தண்ணி எப்படி உடறீங்களோ அதைப் பொறுத்து மூணு வாரம் கூடத் தாங்கும். மேக்கால இருக்கிறவங்களுக்கு ஆனி, ஆடிச் சாரல் வேற. வடவள்ளிக்கும் அது வரும். காலையில பனி காயட்டும், எட்டு மணிக்கு மேல.

வடவள்ளி_வாசல்
கோபி அண்ணா, தலையில அடிச்ச மாதிரி இருக்குதுங்க. வட்டப்பாத்தி கணக்கு யாருமே சொல்லலை.

மூணு சந்தேகம். தானா ஓடற மெஷின் இருக்குதாமா, பின்னாடி நடந்தாப் போதும்ங்கறாங்க, அதுவா? ரோபோ ஒண்ணு உட்டுட்டா? அப்புறம் மச்சான் சிங்கப்பூர்ல இருந்து வர்றாரு, அங்கிருந்து வாங்கிட்டு வரச் சொல்லட்டுங்களா?

பிசியோ_ஈரோடு
தானா ஓடறது எல்லா முட்டி வலிக்காரருக்கும் நல்லதில்லை. மெஷின் முன்னாடி இழுக்கும், நடையை அதுதான் தீர்மானிக்கும். பலம் கம்மியா இருந்தும் நடை சீராக இருக்கிறவருக்குச் சரி. தள்ளாட்டமோ காலை இழுத்து நடக்கறதோ இருந்தால் அது ஆளை இழுத்துக்கிட்டுப் போயிடும். கனமும் கூட, திருப்பறது அதைவிடக் கஷ்டம். உங்க புல் சமதரைதானே? தள்ளற மெஷினே போதும். வாசல் சரிவா இருந்தால் மட்டும் வேற யோசனை.

மெஷினை வாக்கர் மாதிரி சாய்ஞ்சு பிடிக்க விடாதீங்க. கைப்பிடி மேல உடம்புக் கனத்தைப் போட்டால் முன் சக்கரம் தூக்கும், கத்தி வெளியே தெரியும். ஊன்றுகோல் இல்லாம பத்து நிமிஷம் நடக்க முடிஞ்சால்தான் இந்த மெஷின்.

இன்னொரு யுக்தி: நேர்வரிசையா வெட்டினால் ஒவ்வொரு முனையிலும் முழுசாத் திரும்பணும், முட்டி முறுக்கறது அங்கேதான். ஓரத்துல ஆரம்பிச்சு உள்நோக்கிச் சுத்திச் சுத்தி வெட்டச் சொல்லுங்க. மூலைக்குக் கால்வாசித் திருப்பந்தான். திரும்பும்போது ஊன்றின கால் மேல சுழலாம, சின்னச் சின்ன அடியா எடுத்து வைக்கணும். பாதி வழியில ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு வைங்க.

பொள்ளாச்சி_மட்டை
ரோபோ பத்தி மட்டும். தரையில எல்லை ஒயர் பதிக்கற மாடல், செயற்கைக்கோள் சிக்னல் பார்த்து ஓடற மாடல்னு ரெண்டு விதம். தென்னைமரத்தடியில ஓலை மறைச்சா சிக்னல் தடுமாறும். ஒயர் பதிச்சா மம்முட்டிக்காரர் ஒரு நாள் வெட்டி விடுவார், அறுந்த இடம் தேடறது பெரும்பாடு. குரும்பை, பன்னாடை, பாளைத் துண்டு தினமும் உதிரும் நம்ம வாசல்ல. அதைத் தினமும் குனிஞ்சு பொறுக்கறவர் யாரு? அதோட ராத்திரி ஓட விடவே கூடாது; தேரை, முள்ளெலி எல்லாம் அப்பத்தான் வெளிய வரும். நடக்கவே முடியாதவருக்கு, மரம் இல்லாத திறந்த புல்லுக்கு ரோபோ அருமையான சாமான். இங்க இல்லைங்க.

தள்ளுற மெஷினுக்கும் குரும்பை எதிரிதான். கத்தியில அடிபட்டா கல்லு மாதிரி தெறிக்கும். வெட்டறதுக்கு முன்னால நீளக் குச்சி ஈர்க்குமாறால நின்னுக்கிட்டே ஒரு தள்ளு தள்ளிடணும். தேங்காய் முத்தி நிக்கற மாசத்துல காய் போட்ட பொறவு வெட்டுங்க.

சொட்டுநீர் 16 மில்லி பைப் புல்லுக்குள்ள ஓடுதான்னும் பாருங்க. கத்திக்குள்ள போச்சுன்னா சுத்திக்கும்.

பீளமேடு_வைண்டிங்
சிங்கப்பூர் விசயம். பயணி விமானத்துல லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரைக்கும் கேள்வியில்லை. 100-ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன்ஸ் அனுமதி வாங்கணும். 160-க்கு மேல ஏத்தவே மாட்டாங்க. தனியா எடுத்துட்டு வர்ற பேட்டரி கைப்பையிலதான் வரணும், லக்கேஜுல போடக் கூடாது. இப்போ கணக்குப் பாருங்க: 36 வோல்ட் 4 ஏ.எச். 144, அனுமதி வேணும். 36 வோல்ட் 5 ஏ.எச். 180, ஏறாது. 18 வோல்ட் 5 ஏ.எச். வெறும் 90, தாராளமா வரலாம். மகிதாவோட 38 செ.மீ. மெஷின் டிஎல்எம்382 மாதிரி ரெண்டு 18 வோல்ட்டைச் சேர்த்து 36 ஆக்கற மாடல் இருக்குது, அதுக்கு இப்படி வரலாம். ஆனா ரெண்டுல ஒண்ணு காலியானாலும் மெஷின் நின்னுரும், ரெண்டையும் ஒண்ணாவே சார்ஜ் பண்ணணும்.

சிங்கப்பூர் சார்ஜர் 230 வோல்ட்டுதான், பிளக் மட்டும் மாத்தினாப் போதும். அமெரிக்காவுல இருந்து வந்தா 120 வோல்ட்டுன்னு மட்டும் போட்ட சார்ஜரை நம்ம பிளக்குல சொருகாதீங்க, ஒரே நொடி.

என் எண்ணம்: மெஷினை இங்கயே வாங்குங்க. கோயமுத்தூர்ல மோட்டார் வைண்டிங் பண்ணாத வீதி இல்லைதான். ஆனா இந்த மெஷின்ல வர்ற பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார்ல போறது பெரும்பாலும் வைண்டிங் இல்லீங்க, கன்ட்ரோலர் போர்டு. அது கம்பெனிக்காரன்கிட்டத்தான் கிடைக்கும். கத்தி, சாவி (அதைச் சொருகினாத்தான் மெஷின் ஓடும்), போர்டு மூணும் இங்க ஸ்டாக் இருக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க. அவசரம் இல்லைன்னா ஜூலையில கோயமுத்தூர் கொடிசியா வளாகத்துல அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சி வரும். நாலஞ்சு மெஷினை ஒரே நாள்ல தள்ளிப் பார்க்கலாம், அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.

பிசியோ_ஈரோடு
ரெண்டு படி விஷயத்தை யாரும் தொடலை. படி 6 அங்குலம்னா ரெண்டுக்கும் 12. ஒரு அடி ஏற 12 அடி நீளச் சரிவு வேணும். பலகையைச் செங்குத்தா சாய்ச்சு வைக்காதீங்க. மெஷின் ஏறினாலும் பின்னாடி நடக்கறவர் முட்டி ஏறாது. அதைவிட, மெஷினைக் கார் நிறுத்தற இடத்துலயே கீழே வைங்க. பேட்டரியை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வந்து மேஜை உயரத்துல சார்ஜ் போடுங்க.

புல் சேரும் பை வேண்டாம். 30 லிட்டர் பை ஈரப்புல்லோட நிறைஞ்சால் ஏழெட்டுக் கிலோ இருக்கும், குனிஞ்சு கழட்டித் தூக்கணும். மல்ச்சிங் அடைப்பு உள்ள மாடல்னா புல் பொடியாகி அங்கேயே விழும்.

தாராபுரம்_மாப்ள
அந்தப் புல்லை மாட்டுக்குப் போடலாமுல்ல? வீணாப் போகுது.

கோபி_பச்சை
போடலாம் மாப்ள, பை வெச்சு வெட்டினா. ஆனா குமிச்சு வெச்சா ரெண்டு மணி நேரத்துல சூடேறிப் புளிக்கும், அதைத் தின்னா வயிறு உப்பும். நெழல்ல பரப்பி அன்னைக்கே, வேற தீவனத்தோட கொஞ்சமாக் கலந்து போடணும். களைக்கொல்லி அடிச்ச புல்லுன்னா வேண்டாம். மல்ச்சிங் பண்ணினா அது புல்லுக்கே எருவாப் போகும்.

பீளமேடு_வைண்டிங்
பராமரிப்பு. பேட்டரியைத் தகரக் கொட்டாயில வைக்காதீங்க, சித்திரை வெயில்ல உள்ள வெந்துரும். வெட்டி முடிச்ச உடனே பேட்டரி சூடா இருக்கும், அரை மணி ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்க. மாசக்கணக்குல சும்மா வைக்கிறதுன்னா முழுசாவும் வேண்டாம், காலியாவும் வேண்டாம், பாதி சார்ஜுல வைங்க.

அடியில ஒட்டின புல்லைத் தண்ணி அடிச்சுக் கழுவக் கூடாது, போர்டுக்குள்ள எறங்கும். மரக்குச்சியால சுரண்டுங்க. அதுக்கு முன்னாடி சாவியும் பேட்டரியும் வெளிய. இந்த வேலையும் கத்தி தீட்டறதும் அப்பா செய்ய வேண்டாம், நீங்க செய்யுங்க. பேட்டரி மெஷின்ல எண்ணெய் இல்லை, எந்தப் பக்கம் சாய்ச்சாலும் பரவாயில்லை. கத்தியில இருக்கிற சாய்வு மாறாம அரத்தால ரெண்டு முனையும் சமமாத் தீட்டுங்க. நடு ஓட்டையை ஒரு ஆணியில தொங்க விட்டா ஒரு பக்கம் சாயக் கூடாது. சாஞ்சா அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு இழுப்பு. சமமில்லாத கத்தி கைப்பிடியை அதிர வைக்கும், பலம் கம்மியான கைக்கு அதுதான் மொத எதிரி. வெட்டின புல்லு நுனி வெள்ளையாக் கிழிஞ்சு தெரிஞ்சா கத்தி மொன்னைன்னு அர்த்தம்.

வடவள்ளி_வாசல்
முடிவு இப்படிங்க. 33 செ.மீ., தள்ளுறது, முழு அகல லிவர், ஒரே லிவர்ல உயரம், மல்ச்சிங். பாத்தி மூணும் இந்த வாரம் எடுக்கறோம், மட்டைக்கு ஆள் சொல்லியாச்சு. ஒரே மாடல்ல 18 வோல்ட்டும் 36 வோல்ட்டும் இருந்தா எது?

பீளமேடு_வைண்டிங்
71 சதுர மீட்டரை ரெண்டு நாளாப் பிரிச்சா 18 வோல்ட் 5 ஏ.எச். போதும், 90 வாட்-அவர், பத்து நிமிசத்துக்கு மேல வரும். கனமும் கம்மி. ஆனா ஐப்பசியில பத்து நாள் மழையில வெட்டாம விட்டா 18 திணறும். அந்த மாதிரி விட்டுப் போற வீடுன்னா 36. கொரியன் பகுதிக்கு 18 தாராளம், உங்க ஓரத்து அருகுதான் இடிக்குது.

கோபி_பச்சை
அந்த ஓரத்து அருகை எடுத்துட்டு அங்கயே செங்கல் பட்டை போட்டுருங்க. கோரையை மட்டும் கிழங்கோட தோண்டி எடுக்கணும், மேலாப்புல வெட்டினா பத்தே நாள்ல திரும்பி வரும்.

வடவள்ளி_வாசல்
அப்போ 18 தானுங்க. அப்பா கேக்கறாரு, சாவியை எங்க மாட்டறதுன்னு.

பிசியோ_ஈரோடு
மெஷின்லேயே விட்டு வைக்காதீங்க, சின்னப் பிள்ளைங்க வந்து போற வீடு. சார்ஜர் பக்கத்துல சுவத்துல ஒரு ஆணி அடிச்சு, அவர் வலது கைக்கு எட்டற உயரத்துல.